ஊசிச் சத்தம்

பாய் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். வெளியே நின்று குனிந்து உள்ளே பார்த்து, "ஜும்ஆ முடிஞ்ச உடனே வந்துர்றேன் சார். யாராச்சும் தட்டுனா கடை லீவுன்னுடுங்க. காதைக் கழட்டி மேஜ மேல வச்சுட்டு மறந்து போயிடாதீங்க, அப்புறம் அதையும் ஸ்டாக்குல சேத்துருவேன்" என்று சிரித்தார். கலிவரதனும் சிரித்தான், சிரித்ததாகத்தான் நினைத்துக்கொண்டான். பாயின் செருப்புச் சத்தம் படிகளில் இறங்கி, முதல் மாடியில் நின்று யாரையோ கூப்பிட்டு, இரண்டு பேர் செருப்புச் சத்தமாகிக் கீழே போனது. நல்ல மனுஷன். மூன்று வாரமாக வந்து வந்து எதையும் வாங்காமல் போகிறவனைக் கடைக்குள்ளேயே விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போக வேறு யாருக்கு மனசு வரும். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் அமைதி என்று ஒன்று கிடையாது. ஆனால் இந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் பாதிக் கடைக்காரர்கள் ஒரே பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், வெள்ளிக்கிழமை மதியம் கொஞ்ச நேரம் இங்கே சத்தம் குறையும். அதைக் கண்டுபிடித்ததே கலிவரதன்தான், போன வெள்ளிக்கிழமை. கண்டுபிடித்து ஒரு வாரம் வீணாகக் காத்திருந்ததும் அவன்தான். அவன் ஏசியை அணைத்தான். சீலிங் ஃபேனை அணைத்தான், அது மனசில்லாமல் சுற்றிச் சுற்றி நின்றது. போனை எடுத்து விமானக் குறியை அழுத்திச் சட்டைப்பையில் போட்டான். போன் பக்கத்தில் இருந்தாலே ஸ்பீக்கரில் டிட்டிட் டிட்டிட் என்று கேட்கும் காலத்தில் தொழில் பழகியவன், அந்தப் பழக்கம் போகவில்லை. மேஜைமேல் கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளைகள் மூன்று இருந்தன. மூன்றும் சின்ன ரகம், ஒரு கையில் அடங்குகிற கறுப்புத் தகரப் பெட்டிகள். வீட்டில் அவன் கம்ப்யூட்டரே ஒரு செருப்பு டப்பாவைவிடக் கொஞ்சம்தான் பெரியது, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே வைக்க வேறு இடமில்லை, அதற்குள் போகிற பவர் சப்ளை இந்த அளவுக்கு மேல் ஒரு விரல்கூட நீளக்கூடாது. நீளாமலும் இருக்கணும், சத்தமும் போடக்கூடாது. இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது இந்த ஊரில் ஒன்றுகூட இல்லையா என்று மூன்று வாரமாகத் தேடுகிறான். இன்று வெள்ளி. திங்கட்கிழமை காலையில் மனைவி மங்கையை ஆஸ்பத்திரியில் சேர்க்கணும், செவ்வாய்க்கிழமை அவள் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குள் அவள் குரலைப் பிடித்து வைக்கணும், அதற்குத்தான் இந்தச் சத்தமில்லாத பெட்டி.

முதல் பெட்டியைப் பாயின் சோதனை போர்டில் மாட்டி ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஃபேன். சின்ன ஃபேன் என்றால் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றணும், வேகமாகச் சுற்றினால் கீச்சென்று கத்தும், குழந்தைக்கும் தெரிந்த விஷயம். கண்ணை மூடிக் காதைக் கொண்டு போனான். ஃபேன் சத்தம் அவ்வளவு மோசமில்லை, காற்றுச் சத்தம் பழகிவிடும், காற்றுச் சத்தத்தைப் பின்னால் சலித்துவிடவும் முடியும். அதற்கு அடியில் ஒன்று இருந்தது. மெல்லிசாக, உயரத்தில், நூல் கோக்கும்போது ஊசிமுனை விரலில் படுகிற மாதிரி ஒன்று. அதுதான். வீட்டில் இருக்கிற பெட்டியிலும் அதேதான், உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் பாடுகிற பாட்டு. தொழில்காரர்கள் காயில் சத்தம் என்பார்கள், அவன் ஊசிச் சத்தம் என்பான். எத்தனை வருஷம் அந்த டப்பிங் தியேட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்! கதாநாயகி அழுது முடித்து எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது, "ஒன் மோர், வளையல் சத்தம்" என்பான். ஒருமுறை பெரிய நடிகர் ஒருவரின் வயிறு இரைந்ததைக் கண்டுபிடித்து டேக்கை நிறுத்தினான், டைரக்டர் நடுங்கிப்போனார், நடிகர் வாய்விட்டுச் சிரித்து, "யோவ், நான் சாப்பிடலைன்னு என் பொண்டாட்டிக்கே தெரியாதுய்யா" என்றார். கலி காதுன்னா கலி காதுதான் என்று பேர். பக்கத்தில் இருந்த பையன்கள் மீட்டரைப் பார்த்து வேலை செய்வார்கள், திரையில் கோடு துடிக்கிறதா என்று பார்ப்பார்கள், அவனுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். மீட்டர் பார்க்கிறவன் காது இல்லாதவன். தியேட்டர் போய்விட்டது, இப்போது அங்கே குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறார்கள். காது மட்டும் மிச்சம். அவன் ஸ்விட்சை அணைத்து முதல் பெட்டியைத் தள்ளி வைத்தான்.

சீலிங் ஃபேன் இல்லாமல் வியர்த்தது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். மங்கைக்கு வலி முதலில் காதில்தான் வந்தது என்பது இப்போது ஞாபகம் வந்தது, வரவேண்டாம் என்று நினைத்தபோதே வந்தது. சோறு விழுங்கினால் இடது காதுக்குள் சுரீரென்கிறது என்றாள். கடைவாய்ப் பல்லாக இருக்கும் என்று பல் டாக்டரிடம் போனார்கள், அவர் நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி, குழாய் விட்டுப் பார்த்தது, கட்டி. உணவுக்குழாய் ஆரம்பிக்கிற இடத்தில், குரல்வளையின் முதுகில் ஒட்டிக்கொண்டு. டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் ஒரு கழுத்தை வரைந்து, அதில் ஒரு பகுதியைக் கோடு போட்டு அடித்தார். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்குவோம், சில வாரம், அப்புறம் ஆபரேஷன், உயிருக்குப் பயமில்லை, ஆனால் இதை எடுத்துத்தான் ஆகணும், கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுவாங்க, பேச முடியாது. மங்கையர்க்கரசி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "கழுத்து ரொம்ப ஒல்லியா வரைஞ்சிட்டீங்க டாக்டர்" என்றாள். அவள் அப்படித்தான். வெளியே வராண்டாவில் ஒரு நர்ஸம்மாதான் சொன்னாள், இப்பவே குரலைப் பதிஞ்சு வச்சுக்கங்க சார், கம்ப்யூட்டர்ல வாக்கியம் வாக்கியமா வரும், படிக்கணும், எல்லாம் சேர்ந்து அவங்க குரலையே செஞ்சு குடுக்கும், அப்புறம் இவங்க டைப் அடிச்சா இவங்க குரல்லயே பேசும். கலிவரதனுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, ஆஸ்பத்திரி வராண்டாவில் அப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது. எல்லாரும் ஏதோ செய்கிறார்கள், டாக்டர் அறுக்கிறார், மாமியார் கோயில் கோயிலாகப் போகிறாள், மகள் சமைக்கக் கற்றுக்கொள்கிறாள், அவன் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். இது அவன் வேலை. இந்த உலகத்தில் ஒரு குரலைச் சுத்தமாகப் பிடித்துவைக்கத் தெரிந்த நாலு பேரில் அவன் ஒருத்தன். மச்சான் சண்முகவடிவேல், "மாமா, இதப் போன்லயே படிச்சுப் போடலாமாமே, அந்த வெப்சைட்டுலயே போட்டிருக்கான்" என்றபோது கலிவரதன் அவனைப் பார்த்த பார்வையில் பாவம், மச்சான் வாயை மூடிக்கொண்டான். தெரிந்த ஸ்டூடியோ ஒன்றில் நேரம் தருவதாகச் சொன்னார்கள், ஆனால் அவளால் ஒரேயடியாகப் படிக்க முடியாது, வலி தணிகிறபோது கொஞ்சம், எச்சில் விழுங்கிவிட்டுக் கொஞ்சம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து பார்த்தா எனக்கு வாயே வராது என்றும் சொன்னாள். சரி, வீட்டிலேயே.

இரண்டாவது பெட்டியை மாட்டினான். இது விலையில் பெரிய மனுஷன். வேலை குறைவாக இருந்தால் ஃபேன் சுற்றவே சுற்றாது, சூடானால்தான் எழுந்திருக்கும். ஸ்விட்சைப் போட்டதும் ஒன்றுமே நடக்கவில்லை, பச்சை விளக்கு மட்டும் வந்தது. காதைக் கொண்டு போனான். மூன்று வாரம் முன்னால், பதிவுக்கு உட்கார்ந்த முதல் நாள் சாயங்காலம் பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, கதவுமேல் அவளுடைய புடவைகளை எல்லாம் போட்டுக் கூடாரம் மாதிரி செய்திருந்தான், எதிரொலி இல்லாமல் இருக்கட்டும் என்று. கட்டில் ஓரத்தில், பட்டும் பருத்தியும் சுற்றித் தொங்க, நடுவில் மைக்கைப் பார்த்து அவள் உட்கார்ந்திருந்தாள். "என்னங்க இது, சாந்தி முகூர்த்தத்துக்கு ஜோடிச்ச மாதிரி" என்று மகள் காதில் விழாமல் சொன்னாள். திரையில் வாக்கியம் வந்தது. விவசாயிகள் மழையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். படித்தாள், பச்சை டிக் விழுந்தது. அந்தக் கட்டடத்தின் உயரம் எவ்வளவு. டிக். பூங்காவில் வண்ண மலர்கள் பூத்துக் குலுங்குகின்றன. டிக். "இதுல ஒண்ணாவது நான் பேசுற பேச்சாங்க? குலுங்குகின்றனவாம். ஏய் எந்திரி மணி ஏழாவுதுன்னு ஒண்ணு போடச் சொல்லுங்க, அதத்தான் நான் தெனம் பேசுறேன்" என்றாள். அதற்கும் இடம் உண்டு, கடைசியில் நாமே நமக்கு வேண்டியதைச் சேர்க்கலாம் என்றான். அவள் குரல் அன்றைக்கு எப்படி இருந்தது! கொஞ்சம் கட்டை, வாக்கியம் முடிகிற இடத்தில் லேசாக மேலே தூக்கி விடுவாள், விழுப்புரத்துக்காரி, எதைச் சொன்னாலும் சண்டைக்கு வருகிற மாதிரியும் கொஞ்சுகிற மாதிரியும் ஒன்றாகக் கேட்கும். வலியையும் மீறி நிறையப் படித்தாள். எல்லாம் டிக். அவள் சாய்ந்து படுத்த பிறகு அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புடவைகளுக்குள் உட்கார்ந்து கேட்டான். இருந்தது. அவள் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில், மெல்லிசாக, ஊசி. மகளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான். "ஒண்ணும் கேக்கலியேப்பா." மங்கையிடம் மாட்டிவிட்டான். "நல்லாதான இருக்கு?" உங்களுக்குக் கேக்காது, அது என் தொழில் என்றான். இந்தச் சத்தத்தோடு போனால் அந்த இயந்திரம் இதையும் சேர்த்துத்தான் குரல் என்று கற்றுக்கொள்ளும், காலத்துக்கும் நீ பேசும்போதெல்லாம் கொசு கூடவே பாடும், வேணாம், முதல்லேருந்து எடுக்கலாம் என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தான். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினான். டேக்கில் சத்தம் இருந்தால் டேக் இல்லை, சத்தமுள்ள டேக்கை வைத்துக்கொள்கிறவன் சோம்பேறி, பின்னால் கை தவறி அதையே சேர்த்துவிடுவான், அப்போதைக்கப்போது அழித்துவிடணும், இது அவன் குரு இல்லாமலே கற்றுக்கொண்ட பாடம். மங்கை அலுத்துக்கொள்ளவில்லை. "போட்டும் விடுங்க, நாளைக்கும் இதே குரல்தானே இருக்கப்போவுது" என்றாள். இரண்டாவது பெட்டியில் ஃபேன் இல்லை, காற்று இல்லை, ஒன்றுமே இல்லை, ஆனால் அந்த ஒன்றுமில்லாததற்குள் ஊசி இருந்தது.

நாசமாய்ப் போக, என்று வாய்விட்டே சொன்னான். சின்னக் கடை அவன் குரலைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. இவ்வளவு விலை வாங்குகிறவன் ஒரு கம்பிச் சுருளைப் பிசின் ஊற்றி இறுக்க மாட்டானா. பாய்கூடப் போன வாரம் கேட்டார், "சார், இதுக்கு மேல சைலண்ட்னா கரண்ட் இல்லாம ஓட்டுனாதான் உண்டு. அப்படி என்னதான் பண்றீங்க இத வச்சு?" ரெக்கார்டிங் என்றான். "பாட்டா?" ஆமாம் என்றான். ஏன் அப்படிச் சொன்னான்? மூன்று வாரத்தில் வெளியாள் யாரிடமும் மங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லவில்லை, வாட் எத்தனை, நீளம் எத்தனை, சூடு எவ்வளவு என்றுதான் பேசியிருக்கிறான். நெட்டில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் எழுதியதை எல்லாம் உட்கார்ந்து படித்தான், இது நல்லது, ஆனால் இதிலும் சிலருக்குச் சத்தம் வருகிறதாம், அப்படியானால் அது, அதிலும் நாலு பேர் குறை சொல்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மற்றதெல்லாம் நல்லதாகத் தெரிய ஆரம்பிக்கும். படித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்று இருந்தது, அதுதான் உண்மை, படிப்பதை நிறுத்தினால் டாக்டர் வரைந்த ஒல்லிக் கழுத்து வந்து நிற்கும். அதற்கு நடுவில் மங்கையிடம் அவன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். பேசாதே என்றான். டாக்டர் சொல்லவில்லை, இவன் சொன்னான். நல்ல பவர் சப்ளை வரட்டும், அதுவரைக்கும் குரலைச் சேத்து வை, பாடகருங்க அப்படித்தான், ரெக்கார்டிங்குக்கு முன்னாடி மௌனமா இருப்பாங்க. அவள் சிரித்தாள், அப்புறம் ஒத்துக்கொண்டாள், அவன் தொழில் அவனுக்குத் தெரியும் என்று நம்புகிற பெண். வேணுமென்றால் கைதட்டினாள். மகளை எழுப்பத் தொடையில் தட்டினாள். பக்கத்து வீட்டம்மா வந்து, "என்ன மங்க, மௌன விரதமா?" என்றபோது ஆமாம் என்று தலையாட்டினாள். மகள் ஒருநாள் பள்ளிக்கூடம் போகுமுன் செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, ஒரு தடவ திட்டிட்டுப் போம்மா" என்றாள். மங்கை வாயைத் திறந்தாள், அவன் பக்கம் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அவன் அப்போது ஏதோ ஒரு பெட்டியின் அளவைப் படித்துக்கொண்டிருந்தான், நிமிர்ந்து, பொறுத்துக்கோ, இன்னும் ரெண்டு நாள் என்றான். போன சனிக்கிழமை பால் பொங்கியது. அடுப்படியிலிருந்து, "ஏங்க, பாலு!" என்று ஒரு சத்தம். யாரோ ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்து அவன் சட்டையைத் தேடினான். யாரும் வரவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள், அவனைவிட அவளுக்குத்தான் அதிர்ச்சி. மருந்து ஏற்றியதில் வறண்டிருக்கும், வெந்நீர் குடி, சரியாகிவிடும் என்றான். ஆகும், ஆகிவிடும், இன்றைக்கு ஒன்றை வாங்கிப்போய் மாட்டிவிட்டால் நாளை சனி, நாளன்றைக்கு ஞாயிறு.

மூன்றாவது பெட்டி கடைசி நம்பிக்கை. இதில் ஃபேனே கிடையாது, உடம்பு முழுக்க வரிவரியாகத் தகடு, சூட்டைத் தகடே வெளியே விட்டுவிடும். பாய் எங்கேயோ சொல்லி வரவழைத்தது. அதை மாட்டினான். கண்ணை மூடினான். வெளியே எங்கோ ஜெனரேட்டர், அதைக் கழித்தான். தெருவில் ஹாரன், கழித்தான். மாடியில் யாரோ நாற்காலி இழுத்தார்கள், கழித்தான். இப்படிக் கழித்துக் கழித்துப் போவதுதான் அவன் வித்தை, வெங்காயம் உரிக்கிற மாதிரி. தன் மூச்சை நிறுத்தினான். எல்லாம் போன பிறகு, அங்கே, நடுவில், ஊசி இருந்தது. அதே சுதி. முதல் பெட்டியில் இருந்த அதே சுதி, இரண்டாவதில் இருந்த அதே சுதி, வீட்டில் புடவைக்குள் கேட்ட அதே சுதி. வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு கம்பிச் சுருள், எப்படி ஒரே சுதியில் பாடும்? பாயின் சோதனை போர்டாக இருக்கும் என்று நினைத்தான். போர்டு வயரைப் பிடுங்கினான். பச்சை விளக்கு போனது. ஊசி போகவில்லை. சுவரில் இருக்கிற ஸ்விட்ச்தான் என்று அதை அணைத்தான். டியூப் லைட்டின் சோக்காக இருக்கும் என்று லைட்டை அணைத்தான். ஷட்டருக்கு அடியில் வருகிற வெளிச்சத்தில் தடவிக்கொண்டே போய்க் கதவோரம் இருந்த மெயினை இறக்கினான். டக்கென்ற சத்தத்தோடு அந்தக் கடையில் கரண்ட் என்பதே இல்லாமல் போனது. மூன்று பெட்டிகளும் வயர் கழன்று மேஜைமேல் கிடந்தன. கலிவரதன் இருட்டில் நின்றான். கேட்டது. மெல்லிசாக, உயரத்தில், விடாமல். கேட்கக்கூடாது என்று இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தினான், அப்போது அது பெரிதாகக் கேட்டது.

கையை எடுத்தான், பொத்தினான், எடுத்தான். எடுத்தால் சின்னது, பொத்தினால் பெரியது. வெளியே இருந்து வருகிற எந்தச் சத்தமும் அப்படி நடந்துகொள்ளாது, அது அவனுக்குத் தெரியாதா. எப்போதிருந்து? ஹெட்போனை மாட்டி மாட்டி, கத்துகிற சண்டைக் காட்சியை எல்லாம் வருஷக்கணக்கில் காதுக்குள் ஊற்றி ஊற்றி, எந்த நாளில் இது வந்து உட்கார்ந்தது? தியேட்டரை மூடிய பிறகு அவன் அமைதி என்ற ஒன்றில் உட்காரவே இல்லை, அவன் வீடு இருக்கிற சாலிகிராமத்தில் அமைதி எங்கே இருக்கிறது, முதல்முறையாக உட்கார்ந்தது அந்தப் புடவைகளுக்குள்தான். அங்கேதான் கேட்டது. மகள் சொன்னாள், ஒண்ணும் கேக்கலியேப்பா. மங்கை சொன்னாள். அந்த இயந்திரம்கூடச் சொன்னது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பச்சை டிக் போட்டுப் போட்டுச் சொன்னது. ஒரே ஒரு தடவை மீட்டரைப் பார்த்திருந்தால், திரையில் அந்தக் கோடு துடிக்காமல் படுத்துக் கிடந்ததைப் பார்த்திருந்தால். பார்க்கவில்லை. வீட்டில் இருக்கிற பழைய பெட்டி ஒரு பாவமும் அறியாதது. விவசாயிகள் மழையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்று அவள் தூக்கிச் சொன்ன அந்தக் கடைசி எழுத்து சுத்தமாக இருந்தது. கட்டடத்தின் உயரம் சுத்தமாக இருந்தது. பூத்துக் குலுங்குகின்றன என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு சுத்தமாக இருந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நிச்சயம் என்று அழுத்தியிருக்கிறான். வேறு எங்காவது இருக்குமா, கல்யாண வீடியோவில் பாட்டுப் போட்டு மூடிவிட்டார்கள், மகளின் ஆண்டு விழாக்களில் எல்லாம் மங்கைதான் போனைப் பிடித்திருப்பாள், இங்க பாரு, இங்க பாரு என்று நாலு சொல், அதை வைத்து எந்த இயந்திரம் என்ன செய்யும்? மூன்று வாரம். நல்ல குரலோடு ஒரு பெண் வீட்டுக்குள் வாயை மூடிக்கொண்டு நடமாடினாள், அது இருக்கிற வரைக்கும் யாரும் அதைக் கேட்டுவிடக் கூடாது என்று காவல் காத்தவன் இவன். பாயின் ஸ்டூலில் உட்கார்ந்தான். அழுகை வரும் என்று நினைத்தான், வரவில்லை, ஊசிதான் வந்துகொண்டிருந்தது.

ஷட்டர் கடகடவென்று ஏறியது. வெளிச்சத்தோடு தெரு முழுக்க உள்ளே வந்தது. "என்ன சார், இருட்டுல உக்காந்திருக்கீங்க? ஃபியூஸ் போயிடுச்சா?" என்று பாய் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே மெயினைத் தூக்கி, ஸ்விட்சுகளை எல்லாம் தட்டினார். லைட், ஃபேன், பக்கத்துக் கடைப் பாட்டு எல்லாம் ஒன்றாகத் திரும்பின. ஊசி மறைந்துவிட்டது. இல்லை, மறையவில்லை, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, இனிமேல் அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். "எது சார் செட்டாச்சு? மூணாவதுதானே? அதுல சத்தம்னு சொன்னா நான் கடையவே மூடிர்றேன்." கலிவரதன் என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்து விமானக் குறியை நீக்கினான். டிங் என்றது. மங்கை. எழுத்து இல்லை, குரல். பாய் தொழுகைக்குப் போன கையோடு அனுப்பியிருக்கிறாள், இவ்வளவு நேரமாக அவன் சட்டைப்பைக்கு வெளியே நின்றுகொண்டிருந்திருக்கிறது. பேசாதே என்று சொல்லியும் பேசியிருக்கிறாள். அவன் அதைத் தொட்டான். ஸ்பீக்கரில் வந்தது. முதலில் வீட்டு ஃபேனின் கிறீச், அப்புறம் மூச்சு, அப்புறம் தகரத்தில் சரளை உரசுகிற மாதிரி, "ஏங்க... எதிர்வீட்ல இடிக்கிறத நிறுத்திட்டானுங்க... சாப்புடப் போயிட்டானுங்க போல. வீடு நல்லா அமைதியா இருக்கு. ஏதோ ஒண்ண வாங்கிக்கிட்டு சீக்கிரம் வாங்க... இப்பவே எடுத்துரலாம்." கடைசி எழுத்தை மேலே தூக்கப் பார்த்து, தூக்க முடியாமல் விட்டிருந்தாள்.

பாய் பெட்டிகளை அட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "யாரு சார், அப்பாவா?" என்றார் அன்பாக. "தொண்டை ரொம்பக் கட்டியிருக்கே பாவம். அதிமதுரம் வாயில அடக்கிக்கச் சொல்லுங்க."

"என் வீட்டுக்காரி, பாய்" என்றான் கலிவரதன்.

பாயின் கை அப்படியே நின்றது. அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார், மூன்று வாரமாக இவன் காதை வைத்து வைத்துப் பார்த்த பெட்டிகளைப் பார்த்தார். ரெக்கார்டிங் என்றது அவருக்கு இப்போது எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கணும். "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார், அப்புறம் ஃபேனில்லாத பெட்டியை எடுத்து அவன் பக்கம் தள்ளி, "எடுத்துட்டுப் போங்க சார். மத்தத அப்புறம் பாத்துக்கலாம். ஓடுங்க" என்றார்.

"வேணாம் பாய். வீட்ல இருக்கறதே நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்தான். எழுந்தவன் படியிறங்கினான், முதல் மாடியில் யார்மேலோ மோதினான், மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கீழே ரிச்சி தெரு இருக்கிற அத்தனை சத்தத்தையும் போட்டுக்கொண்டிருந்தது, மூட்டை இறக்கினார்கள், ஒருவன் ஸ்பீக்கர் விற்க அதையே அலறவிட்டிருந்தான், ஜெனரேட்டர் புகையும் தடதடப்புமாக ஆடியது. அதன் பக்கத்திலேயே நின்று அவளுக்குப் போன் போட்டான். இந்த மூன்று வாரத்தில் அவளுக்குப் போன் போட்டதே இல்லை, எடுத்தால் பேசிவிடுவாளே என்று. மணி அடித்தது. எடுத்தாள். வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு நகத்தால் போனை ஒரு தட்டுத் தட்டினாள்.

"மங்க" என்றான். மறு காதைக் கையால் பொத்திக்கொண்டான், உள்ளே ஊசி எழுந்தது, எழட்டும்.

மறுபடியும் நகத்தால் ஒரு தட்டு.

"தட்டாத. பேசு" என்றான். "எதுனா பேசு. நான் வர்ற வரைக்கும் வைக்காம பேசிக்கிட்டே இரு."